ஒரு வரியில் முடிகிற வேலையா?

லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ, எந்த யூனிக்ஸ் வகை இயங்குதளமானாலும் சரி, பல கணினிகளுக்குப் பொதுவாகக் கோப்புகளை வைக்க வேண்டும் என்று பேச்செடுத்தாலே சிஸ்டம் அட்மின்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது. "என்எஃப்எஸ் போதும். சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு வரி, கிளையன்டில் ஒரு மவுன்ட் கட்டளை, வேலை முடிந்தது." ஏஎஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஏளனச் சிரிப்பு வரும். பயனரின் அடையாளத்துக்குச் சான்று தரும் கெர்பரோஸ் வேண்டும், செல் என்ற நிர்வாக வட்டம் ஒன்றை அமைக்க வேண்டும், தரவுத்தள சர்வர்கள் மூன்று வேண்டும், கெர்னலுக்குத் தனி மாட்யூல் வேண்டும். நாலு கோப்பைப் பகிர்வதற்கு இத்தனை சடங்கா என்பார்கள். கூடவே இன்னும் இரண்டு குற்றச்சாட்டுகள்: அது யூனிக்ஸைப் போல நடந்துகொள்வதில்லை, அதன் காலமும் முடிந்துவிட்டது, இனி எல்லாமே கிளவுட்தான்.

இந்த மூன்றுமே சரியாக எடைபோடாமல் சொல்லப்படுபவை என்பது என் கட்சி. ஏஎஃப்எஸ் கேட்கும் உழைப்பு அது தன் இஷ்டத்துக்கு உண்டாக்கிய உழைப்பு இல்லை. ஒரு கோப்பு தான் பிறந்த கணினியை விட்டு வெளியே கால்வைக்கும்போதே அந்த உழைப்பும் பிறந்துவிடுகிறது. ஏஎஃப்எஸ் அதை முதல் நாளே ரொக்கமாகக் கேட்கிறது. எளிமையானவை என்று பெயர் வாங்கியவை அதையே தவணை முறையில், வட்டியோடு வசூலிக்கின்றன.

முதலில் அந்தப் புகழ்பெற்ற ஒரு வரியைப் பார்ப்போம். எந்தக் கோப்பகத்தை எந்த ஐபி முகவரிகளுக்குத் திறந்துவிடுகிறோம் என்று அதில் எழுதுகிறோம். எந்த மனிதருக்கு என்று எழுதுவதில்லை. வழக்கமாகப் பயன்படும் ஆத்சிஸ் முறையில், கோப்பைக் கேட்கும் கணினி "என்னிடம் இருப்பவரின் யூஸர் எண் 1005" என்கிறது, சர்வர் நம்பிவிடுகிறது. சான்று கேட்பதில்லை. ரூட் ஸ்குவாஷ் இருக்கிறதே என்று உடனே சொல்வார்கள். கிளையன்டின் ரூட் பயனரை மட்டும்தான் அது அதிகாரமற்றவராக மாற்றுகிறது. தன் மடிக்கணினியில் ரூட் உரிமை உள்ள எவரும் 1005 என்ற எண்ணில் ஒரு பயனரை உருவாக்கி, அந்தப் பயனராக மாறி, அடுத்தவர் கோப்புகளுக்குள் புகுந்துவிடலாம். ஒருவர் 16-க்கு மேற்பட்ட குழுக்களில் இருந்தாலோ, அந்த நெறிமுறையில் மிச்சக் குழுக்களை அனுப்ப இடமே கிடையாது. "எனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் கோப்பு திறக்கவில்லை" என்று ஒருவர் வந்து நிற்கும்போதுதான் பல அட்மின்கள் இந்த வரம்பைப் பற்றியே கேள்விப்படுகிறார்கள்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. என்எஃப்எஸ்ஸையும் கெர்பரோஸோடு ஓட்டலாம். பதிப்பு 4-ஐ உருவாக்குகிறவர்கள் அந்த வசதியைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. ஆனால் அந்த வசதியை இயக்கிப் பாருங்கள். டிக்கெட் வழங்கும் சர்வர் ஒன்று வேண்டும். ஒவ்வொரு கோப்பு சர்வருக்கும் தனிச் சாவி வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும். பெயர்ச் சேவை ஒழுங்காக இருக்க வேண்டும். ஏஎஃப்எஸ்ஸைச் சுமை என்று சொல்லக் காட்டிய பட்டியலில் பாதி இங்கேயே வந்துவிட்டது. ஆக, இத்தனை நாள் நடந்தது பூட்டில்லாத வீட்டையும் பூட்டுள்ள வீட்டையும் பக்கத்தில் நிறுத்தி, "பாருங்கள், இதற்குச் சாவியே தேவையில்லை" என்று மெச்சும் ஒப்பீடு. இரண்டுக்கும் ஒரே அளவு பாதுகாப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நிறுவும் உழைப்பில் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

ஏஎஃப்எஸ்ஸின் உறுப்புகள் ஏன் இப்படி அமைந்தன என்பதற்கு வரலாறு இருக்கிறது. ஏளனம் செய்பவர்கள் அதைப் படிப்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து ஆண்ட்ரூ திட்டத்தைத் தொடங்கின. ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் ஆகிய இருவரின் பெயரால் வந்த பெயர் அது. வளாகத்தில் பல்லாயிரம் கணினிகள் வரப்போகின்றன, எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் ஒருவருக்குத் தன் கோப்புகள் கிடைக்க வேண்டும் என்பது இலக்கு. அந்தத் திட்டத்தில் பிறந்த கோப்பு முறைமைதான் ஏஎஃப்எஸ். அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் 1975-இல் இளநிலையும் 1977-இல் முதுநிலையும் முடித்துவிட்டு கார்னகி மெலனுக்குப் போனவர்.

அந்தக் குழு எடுத்த முதல் முடிவே இன்றைய அட்மின்களுக்குப் பாடம். பயனரின் மேசைமேல் இருக்கும் கணினியை நம்பக்கூடாது. பூட்டிய அறையில் இருக்கும் சர்வர்களை மட்டுமே நம்ப வேண்டும். மாணவர் கையில் இருக்கும் கணினியை அவர் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்த்தே வடிவமைத்தார்கள். கெர்பரோஸ் வகைச் சான்று இந்த முறைமையின் அடித்தளத்திலேயே இருப்பதற்குக் காரணம் அதுதான். ஊழியர்கள் சொந்த மடிக்கணினியோடு அலுவலகம் வரும் இந்தக் காலத்தில், அந்த அனுமானம் பழசாகிவிட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

இரண்டாவது முடிவு அளந்து பார்த்து எடுக்கப்பட்டது. முதல் மாதிரியில், கோப்பின் நகல் பயனரின் கணினியிலேயே கேச்சில் இருந்தாலும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் "என் நகல் இன்னும் செல்லுமா?" என்று சர்வரைக் கேட்க வேண்டியிருந்தது. சர்வருக்கு வந்த அழைப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். 10-இல் ஏறக்குறைய 9 அழைப்புகள் இப்படி நலம் விசாரிக்க வந்தவையாகவும் கோப்பின் விவரம் கேட்டு வந்தவையாகவும் இருந்தன. கோப்பை எடுக்கவும் எழுதவும் வந்தவை சொற்பம். சர்வர் திணறியது வேலையால் அல்ல, விசாரிப்பால். எனவே பொறுப்பைத் திருப்பிப் போட்டார்கள். நகலைக் கொடுக்கும்போதே சர்வர் ஒரு வாக்குறுதியும் கொடுக்கும்: இந்தக் கோப்பை வேறு யாராவது மாற்றினால் நானே உனக்குச் சொல்கிறேன். அதுதான் கால்பேக். வாக்குறுதி நிற்கும்வரை கிளையன்ட் தன் வட்டிலிருந்தே படிக்கும். நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். சர்வர் தாங்கும் கிளையன்டுகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. 1988-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக்கட்டுரையில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. சடங்கு என்று கேலி செய்யப்படும் ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி அளந்து அறிந்த ஒரு தேவை நிற்கிறது.

அன்றாட நிர்வாகத்துக்கு வருவோம். நிறுவும் நாள் ஒன்றுதான்; ஓட்டும் நாட்களோ ஆயிரக்கணக்கானவை. ஒரு சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வையுங்கள். என்எஃப்எஸ் உலகில் சர்வரின் பெயர் ஒவ்வொரு கிளையன்டின் மவுன்ட் பட்டியலிலோ ஆட்டோமவுன்ட் வரைபடத்திலோ பதிந்திருக்கும். பயனர்களின் ஹோம் கோப்பகங்களை இன்னொரு சர்வருக்கு மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே அறிவிப்பு, சனிக்கிழமை இரவு சேவை நிறுத்தம், நகலெடுப்பு, பட்டியல் திருத்தம், திங்கட்கிழமை காலை "என் கோப்பைக் காணோம்" என்ற தொலைபேசி அழைப்புகள். ஏஎஃப்எஸ்ஸில் கோப்புகள் வால்யூம் என்ற தொகுதிகளில் இருக்கும். எந்த வால்யூம் எந்த சர்வரில் இருக்கிறது என்பது கிளையன்டில் எழுதப்படுவதில்லை. வால்யூம் இருப்பிடத் தரவுத்தளத்தில் இருக்கிறது. 'வாஸ் மூவ்' என்று ஒரு கட்டளை கொடுத்தால், வால்யூமின் நகல் ஒன்று எடுக்கப்பட்டு மறு சர்வருக்குப் போகும். அதற்குள் மாறியவை பின்னாலேயே போய்ச் சேரும். கடைசியில் மிகக் குறுகிய நேரம் மட்டும் வால்யூம் நிறுத்தி வைக்கப்பட்டு, தரவுத்தளத்தில் முகவரி மாற்றப்படும். பழைய இடத்தைத் தேடி வரும் கிளையன்டுக்கு "இடம் மாறிவிட்டது" என்ற பதில் கிடைக்கும். அது தரவுத்தளத்தைக் கேட்டுப் புதிய இடத்துக்குப் போய்விடும். நடுப்பகலில், பயனர் அந்தக் கோப்பகத்திலேயே வேலை செய்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம்.

அதே வால்யூமுக்குப் படிக்க மட்டுமான நகல்களைப் பல சர்வர்களில் வைக்கலாம். மென்பொருள்களை ஓரிடத்தில் நிறுவிச் சோதித்துவிட்டு 'வாஸ் ரிலீஸ்' என்றால் எல்லா நகல்களும் புதுப்பிக்கப்படும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் கிளையன்ட் அடுத்த நகலுக்குப் போகும். இரவில் எடுக்கப்படும் பேக்கப் நகலைப் பயனரின் கோப்பகத்துக்குள்ளேயே மவுன்ட் செய்து வைத்தால், தவறுதலாக அழித்த கோப்பை அவரே நேற்றைய நகலிலிருந்து எடுத்துக்கொள்வார். குழு ஒன்றைத் தொடங்கி நண்பர்களுக்கு மட்டும் கோப்பகத்தைத் திறந்துவிட அவருக்கு அட்மின் தயவு தேவையில்லை. மூன்று தரவுத்தள சர்வர்கள் வேண்டும் என்பது உண்மைதான். ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டும் பெரும்பான்மையாக நின்று செல்லை ஓட்டுவதற்காகத்தான் மூன்று. ஒற்றை என்எஃப்எஸ் சர்வர் விழுந்த நாளில் இப்படி ஒரு துணை இல்லையே என்று வருந்துபவர்கள், நிறுவும் நாளில் அதையே ஆடம்பரம் என்கிறார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு: யூனிக்ஸைப் போல நடந்துகொள்வதில்லை. விவரங்கள் சரி. ஏஎஃப்எஸ்ஸில் நீங்கள் எழுதியது பொதுவாகக் கோப்பை மூடும்போதுதான் சர்வருக்குப் போய் மற்றவர்கள் கண்ணில் படும். உரிமைப் பட்டியல் கோப்பகத்துக்குத்தான், தனிக் கோப்புக்கு இல்லை. குழுவுக்கும் மற்றவர்களுக்குமான வழக்கமான யூனிக்ஸ் அனுமதி பிட்டுகளை அது கண்டுகொள்வதில்லை. வெவ்வேறு கோப்பகங்களுக்கு இடையே ஹார்டு லிங்க் போட முடியாது. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்டும் வசதி, கணினி விட்டுக் கணினி செல்லாது. ஆகவே தரவுத்தளக் கோப்பை அதன்மேல் வைக்கக்கூடாது என்று நானும் சொல்வேன்.

எதிர்த்தரப்பு யூனிக்ஸைப் போல நடந்துகொள்கிறதா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. லினக்ஸ் என்எஃப்எஸ் கிளையன்ட் கோப்பின் பண்புகளைத் தன் நினைவில் 3 முதல் 60 வினாடி வரை வைத்துக்கொள்வதுதான் இயல்பான அமைப்பு. அந்த இடைவெளியில் இரண்டு கணினிகள் ஒரே கோப்பின் அளவை வெவ்வேறாகக் காட்டலாம். என்எஃப்எஸ் தரும் உத்தரவாதமும் மூடிய பிறகு திறந்தால் புதியது தெரியும் என்பதுதான். அதற்கு மேல் எதையும் அது வாக்களிக்கவில்லை. அதாவது ஏஎஃப்எஸ் வெளிப்படையாகச் சொல்லும் விதியை, என்எஃப்எஸ் அடிக்குறிப்பில் சொல்கிறது. நெட்வொர்க் கோப்பு முறைமைகளில் பூட்டுகளை நம்பாதீர்கள் என்று எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவணங்கள் எச்சரிக்கும்போது என்எஃப்எஸ்ஸைப் பெயர் சொல்லியே எச்சரிக்கின்றன. லினக்ஸின் 'குளோஸ்' அழைப்புக்கான கையேட்டுப் பக்கமும் அப்படியே: மூடும்போது வரும் பிழையைச் சோதிக்காவிட்டால் தரவு சத்தமில்லாமல் தொலையலாம், என்எஃப்எஸ்ஸிலும் டிஸ்க் ஒதுக்கீடு உள்ள இடத்திலும் இதைக் காணலாம் என்கிறது.

சர்வர் பதில் தராமல் போனால்? என்எஃப்எஸ் இரண்டு வழி தருகிறது. ஹார்டு மவுன்ட் என்றால் நிரல் காத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் இடம் எவ்வளவு என்று பார்க்கப் போன அப்பாவி 'டிஎஃப்' கட்டளையும் உறைந்து நிற்கும். சாஃப்ட் மவுன்ட் என்றால் சில முயற்சிகளுக்குப் பின் பிழை வரும். உள்ளூர் டிஸ்கில் அப்படியொரு பிழையை எதிர்பார்த்து எழுதப்படாத நிரல் பாதிக் கோப்போடு மேலே போய்விடும். காத்திருப்பா, சிதைவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒன்றை யூனிக்ஸ் டிஸ்க் போல என்று எப்படிச் சொல்ல முடியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இது. உள்ளூர் டிஸ்க் மாதிரியே இருக்கும் என்ற பாவனைதான் ஆபத்து; ஏனென்றால் அந்தப் பாவனையை நம்பித்தான் நிரல் எழுதுகிறவர் பிழைகளைச் சோதிக்காமல் விடுகிறார்.

மூன்றாவது குற்றச்சாட்டு, காலம் முடிந்துவிட்டது என்பது. இதற்கு எதிர்த்தரப்பிடம் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். ஒன்று கிளவுட். அமேசான் 2006-இல் தொடங்கிய எஸ்3 சேமிப்பில் ஒரு பொருளின் நடுவில் நாலு பைட்டை மாற்ற முடியாது. முழுப் பொருளையும் மறுபடி ஏற்ற வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் ஏற்றினால் கடைசியில் எழுதியவர் ஜெயிப்பார். போதாக்குறைக்கு, 2020 டிசம்பர் வரை, மாற்றி எழுதிய பொருளை உடனே படித்தால் பழையதே திரும்பி வரவும் வாய்ப்பிருந்தது. இதையெல்லாம் உலகம் ஏற்றுக்கொண்டு அதன்மேல் பெரும் வணிகங்களைக் கட்டியது. மூடும்போது முழுக் கோப்பையும் ஒப்படை, கடைசியாக மூடியவர் எழுதியதே நிற்கும் என்று ஏஎஃப்எஸ் சொன்னபோது மட்டும் அது யூனிக்ஸுக்குத் துரோகமாகத் தெரிந்தது.

இன்னொரு சாட்சி செர்ன். ஜெனீவா அருகிலுள்ள அந்த இயற்பியல் ஆய்வகம் 1990களிலிருந்து ஏஎஃப்எஸ்ஸை மிகப் பெரிய அளவில் ஓட்டியது. பிறகு அதிலிருந்து விலகுவதாக முடிவெடுத்தது. இது கனமான சாட்சி, தள்ளிவிட முடியாது. ஆனால் எங்கே போனார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயனர் கோப்புகளுக்குச் செர்னிலேயே உருவான இஓஎஸ். அதற்கும் கெர்பரோஸ், அதற்கும் ஒதுக்கீடு, அதற்கும் உரிமைப் பட்டியல். மென்பொருள் பரப்புவதற்கு சிவிஎம்எஃப்எஸ். ஓரிடத்தில் வெளியிடு, உலகெங்கும் படிக்க மட்டும் கொடு, கிளையன்டில் கேச் செய் என்ற முறை. ஏஎஃப்எஸ்ஸின் இரண்டு வேலைகளுக்கு இரண்டு முறைமைகள் வந்தன. ஒரு வரி எக்ஸ்போர்ட்ஸுக்கு அவர்கள் திரும்பவில்லை. என்எஃப்எஸ்ஸே என்ன செய்தது? சர்வர் எதையும் நினைவில் வைக்காது என்பதுதான் அதன் தொடக்ககாலப் பெருமை. 2000-இல் வந்த பதிப்பு 4 அந்தப் பெருமையைக் கைவிட்டு, கால்பேக்கின் நெருங்கிய உறவான டெலிகேஷனை ஏற்றுக்கொண்டது. 2016-இல் ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பு தன் மென்பொருள் முறைமை விருதை ஏஎஃப்எஸ்ஸுக்குக் கொடுத்தது. காலாவதியான யோசனைகளை இத்தனை பேர் கடன் வாங்க மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்னதால், ஏஎஃப்எஸ்ஸின் இன்றைய திறமூல வடிவமான ஓப்பன்ஏஎஃப்எஸ்ஸில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஐபிஎம் 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்டபோது சேர்த்த உரிமம், லினக்ஸ் கெர்னலின் உரிமத்தோடு ஒத்துப்போவதில்லை. அதனால் மாட்யூல் கெர்னலுக்கு வெளியே நிற்கிறது. கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதையும் புதிதாகக் கட்ட வேண்டும், சில நேரம் கட்ட முடியாமல் காத்திருக்க வேண்டும். கெர்னலுக்குள்ளேயே கேஏஎஃப்எஸ் என்று தனியாக எழுதப்பட்ட கிளையன்ட் ஒன்று இருப்பது ஓரளவு ஆறுதல். சாவிகளைக் காலாவதியான டெஸ் குறியாக்கத்திலிருந்து விடுவிக்க 2013-இல்தான் வழி பிறந்தது. கம்பியில் போகும் தரவைக் குறியாக்கும் பழைய முறை 56 பிட் சாவியோடு பலவீனமானது. பொது இணையத்தின் மேல் அதை மட்டும் நம்பி ரகசியக் கோப்புகளை அனுப்பக்கூடாது. 2021 ஜனவரி 14 அன்று, நேரத்தைக் குறிக்கும் எண் ஓர் எல்லையைத் தாண்டியதும், 1.8 வரிசையின் அப்போதைய பதிப்புகளில் ஒளிந்திருந்த பிழை வெளிப்பட்டு, அதன்பின் மறுதொடக்கம் செய்த கணினிகளில் இணைப்பு வேலை செய்யாமல் போனது, 1.8.7 அவசரமாக வந்தது.

இவை மெய்யான குறைகள். ஆனால் இவற்றில் எது வடிவமைப்பின் குறை? உரிமச் சிக்கல் ஐபிஎம் தேர்ந்த உரிமத்தால் வந்தது; பழைய குறியாக்கம் பராமரிக்க ஆள் போதாமையால் நீடிப்பது. "அது செத்துவிட்டது" என்ற பேச்சே ஆட்களை வரவிடாமல் செய்வதில் பங்கு வகிக்கிறது. குறையைச் சுட்டிக்காட்டி வேறொன்றைத் தேர்ந்தால் அது தொழில்நுட்ப முடிவு. சடங்கு என்று கேலி செய்துவிட்டுப் பூட்டில்லாத ஒன்றைத் தேர்ந்தால் அது சோம்பல்.

என் வாதத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அறையில், ஒரே அட்மினின் கையில் இருக்கும் பத்துக் கணினிகளுக்கு என்எஃப்எஸ் பொருத்தமானது. அங்கே செல் அமைப்பது வீண் வேலை. ஆயிரம் செயலிகள் ஒரே கோப்பில் சேர்ந்து எழுதும் கணக்கீட்டுக் கூடத்துக்கு லஸ்டர் போன்ற கோப்பு முறைமைகள் இருக்கின்றன. தரவுத்தளத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டாம், உள்ளூர் டிஸ்கே மேல். ஆனால் பயனர்கள் நூற்றுக்கணக்கில் இருந்து, அவர்களுடைய கணினிகள் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல், சர்வர்கள் மாறிக்கொண்டே இருக்கப்போகின்றன என்றால், எந்த முறைமையைத் தேர்ந்தாலும் மூன்று கேள்விகளுக்கு முதல் நாளே எழுத்தில் பதில் வேண்டும். கோப்பைக் கேட்பவர் இன்னார்தான் என்பதற்கு யார் சான்று? கையில் இருக்கும் நகல் பழசாகிவிட்டது என்று யார், எப்போது சொல்வார்கள்? டிஸ்க் நிரம்பும் நாளில் பயனரை எழுப்பாமல் அவருடைய கோப்புகளை எப்படி இடம் மாற்றுவீர்கள்?

இந்தப் பதில்களை எழுதி முடித்த பிறகும் ஏஎஃப்எஸ் வேண்டாம் என்று முடிவெடுங்கள், மறுப்பே இல்லை. எழுதாமலேயே "ஒரு வரி போதும்" என்கிறவரிடம் மட்டும், அந்த மூன்று வேலைகளையும் உங்கள் அலுவலகத்தில் இப்போது யார் கையால் செய்துகொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் சனிக்கிழமை இரவும் சர்வர் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய பெயர்தான் பதிலாக வரும்.